சட்டம் யார் கைக்கு?

மட்டக்களப்பு வாவிக்கரையில் மேனாட்டுப் பயங்கர நாடகம் ஒன்றை ஊரவரைக் கொண்டு மேடையேற்றலாம் என எவரேனும் வாய்திறந்தால், இருதிறத்தார் உடனே எழுந்துவிடுகின்றனர். ஒருதிறத்தார், இரத்தம் குடிக்கும் பிரபுவும் இடிந்த கோட்டையும் தமிழ் மண்ணுக்கு ஒவ்வாதவை என்பர். கூத்து விளைந்த பூமியில் இவ்விறக்குமதிச் சரக்குக்கு இடமேது என்று வினவுவர். மற்றைத் திறத்தார் நாடகத்தைக் கைதட்டி வரவேற்பர். ஆனால், நடிகரைத் தெரியும் நாள் வந்ததும் வரிசையில் நிற்போருள் மிகக் கறுத்தவனையும் மிகப் பருத்தவனையும் நோக்கி விரலை நீட்டி, பேய்க்குப் பொருத்தமானவன் அகப்பட்டுவிட்டான் என்ற மகிழ்ச்சியோடு கதிரையை விட்டு எழுந்துவிடுவர். அவனைப் பாடச் சொல்வதில்லை. ஓரடி ஆடச் சொல்வதுமில்லை. சிவந்த மேனியன் ஒருவன் கதாநாயகனாவதும் இதே விரைவில் முடிந்துவிடும். இருதிறத்தாரும் தம்முட் பகைவர் போலத் தோன்றினும் ஒரே அறியாமையின் இரு கிளைகளே. முன்னவர் களரியைப் போற்றுகின்றனரேயன்றி அது எதைச் செய்துவந்தது என அறியார். பின்னவருக்கோ களரி என்ற ஒன்று இருந்த நினைவேயில்லை.

களரி செய்தது யாது? அறுவடை முடிந்து கையிற் சிறிது பணமும் ஓய்வும் கிட்டும் காலத்தில் ஊர்ப் பெரியோர் கூடிக் கூத்தொன்று போடுவதெனத் தீர்மானிப்பர். வெற்றிலை பாக்கு வைத்து அண்ணாவியாரை அழைப்பர். அதன்பின் நல்ல நாளொன்றில் நிகழ்வது ‘சட்டங்கொடுத்தல்’. சட்டம் என்பது ஒருவன் பாடவேண்டிய பாட்டுகளும் பேசவேண்டிய வசனங்களும் எழுதப்பட்ட பகுதி. அதைக் கைநீட்டி வாங்கியவன் அவ்வேடத்துக்குக் கடமைப்பட்டவனாகின்றான். ஆனால் அச்சட்டம் கைக்கு வருமுன் அவன் குரல் வெளிவரவேண்டும். அண்ணாவியார் ஒரு விருத்தத்தைத் தொடங்கிக் கொடுப்பார். ஆடவந்தவன் அதை எடுத்துச் செல்லவேண்டும். மேற்தாயிக்குப் போகையிற் குரல் பிளக்கின்றதா, தாளம் விரைகையிற் கால் தடுமாறுகின்றதா, பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடத்தக்கவாறு அடியை முடிக்கின்றானா என்பன பார்க்கப்படும். இத்தனையும் பூட்டிய அறைக்குள் மூவர் முன்னிலையில் நடப்பதன்று. ஊர் சுற்றி நிற்கும். தோற்றவன் எதனால் தோற்றான் என்பது அன்றிரவே ஊருக்குத் தெரியும். வென்றவன் எதனால் வென்றான் என்பதும் தெரியும். பரீட்சை மண்டபங்களிற் கடிதவுறையில் அடைபட்டுக் கிடக்கும் பெறுபேறுகளுக்குப் பழகிப்போன தலைமுறைக்கு இத்தகைய திறந்த தேர்வு சற்றே கொடுமையாகவும் தோன்றலாம்.

உடல்வாகும் பார்க்கப்படும் என்பதை மறைக்கவேண்டியதில்லை. வடமோடியில் அரசவேடத்தார் அணியும் கரப்புடுப்பும் மரத்தாலான முடியும் பாரமானவை. அவற்றைச் சுமந்துகொண்டு வட்டக்களரியில் வரவுத்தாளத்துக்கு ஆடுவது மெலிந்த உடலுக்கு எளிதன்று. ஆயின் அங்கே உடலைப் பார்ப்பது உழைப்பைத் தாங்குமா என அறிவதற்கே. முகத்தின் நிறத்தைக் கொண்டு மனத்தின் நிறத்தை அளப்பதற்கன்று. வடமோடியில் அரக்கனை அரக்கனாக்குவது அவனுக்குரிய தாளக்கட்டும் வரவும் உடுப்பும் குரலுமாகும். அவ்வவ் வேடத்துக்கு அவ்வவ் வரவு உண்டு. மத்தளம் அதைச் சொல்லிவிடுகின்றபோது ஆடுபவனின் தோல் எதையும் சொல்லவேண்டியிராது. மேலும், அரக்கன் வேடம் ஒருவனுக்கு ஏச்சாகக் கொடுக்கப்படுவதில்லை. இராவணனையோ இரணியனையோ ஆட வேண்டுமென்று ஆசைப்பட்டு ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தோர் படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் உளர். நல்ல குரலும் உரமான காலும் உள்ளவனுக்கே அது வாய்க்கும்.

இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போகவேண்டியதில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1962இற் ‘கர்ணன் போர்’ நாடகத்தைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றியபோது ஆட்டமும் பாட்டும் பழக்கியவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். 1964இல் ‘இராவணேசன்’ வந்தது. அதில் இராவணனாக ஆடியவர் அந்நாளில் மாணவராயிருந்த சி. மௌனகுரு. விடியவிடிய ஆடப்பட்ட கூத்தைச் சிறிது நேரத்துக்குச் சுருக்கியதும் வட்டக்களரியைப் படச்சட்ட மேடையாக மாற்றியதும் சரியா எனும் வாதம் இன்றும் ஓயவில்லை, ஓயவும் வேண்டாம். ஆனால், பத்துத்தலைப் பூதமெனச் சிறுவரை அச்சுறுத்தப் பயன்பட்ட ஒருவன், தன் அழிவைத் தானே கண்டுகொண்டு அதை நோக்கி நடக்கும் பெருவீரனாக அம்மேடையில் நின்றான் என்பதை மறுப்பாரில்லை. அரக்கனுக்கு மனம் உண்டென்று காட்ட, முகவெட்டுப் போதாது. பாட்டும் அடியும் தெரிந்தவன் வேண்டும். அண்ணாவியாரைப் பேராதனைக்கு அழைத்துச்சென்ற பல்கலைக்கழகம், பின்னர் அவரது ஊருக்கே வந்துசேர்ந்தது. 1981இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி 1986இற் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. அவ்வளாகத்தின் சூழலிலேயே நாடகத்துக்கு ஆள் தெரிவோர் முகத்தைப் பார்த்து விரல் நீட்டுவார்களாயின் அது வெட்கக்கேடு.

இனி, மேனாட்டுச் சரக்கு இம்மண்ணுக்கு ஒவ்வாது என்போர்க்கு வருவோம். இவர்கள் சுவாமி விபுலானந்தரின் பெயரைச் சொல்லாமல் எந்த விழாவையும் தொடங்குவதில்லை. காரைதீவிற் பிறந்த அப்பெருமகன் செய்தது யாது? சேக்ஸ்பியரைச் செகசிற்பியார் எனத் தமிழாக்கி, அவருடைய நாடகங்களை வடமொழித் தசரூபகத்தோடும் தமிழ் நாடக மரபோடும் ஒருங்குவைத்து ஆராய்ந்து, 1926இல் ‘மதங்கசூளாமணி’ எனும் நூலாகத் தந்தார். அயலது என்பதற்காக அவர் ஒன்றையும் வாசலில் நிறுத்தவில்லை. உள்ளே அழைத்துவந்து, தமிழின் அளவுகோலால் அளந்தார், அவ்வளவே. அவர் பெயரால் விழாவெடுப்போர் அவ்வளவுகோலையாவது எடுத்துப் பார்த்திருக்கலாம்.

அவ்வளவுகோலை ஐரிஷ்காரரான பிராம் ஸ்ரோக்கர் 1897இல் வெளியிட்ட ‘டிராகுலா’ கதையின்மேல் வைத்துப் பார்ப்பின் வியப்புக்குரிய ஒன்று புலனாகின்றது. அச்சம் எனும் மெய்ப்பாடு நான்கு பொருள்களால் எழும் என்பது தொல்காப்பியர் கொள்கை. தாக்கி வருத்தும் தெய்வமும் பேயுமாகிய அணங்கு ஒன்று, விலங்கு ஒன்று, கள்வர் ஒன்று, தம்மை ஆளும் இறைவனாகிய அரசன் ஒன்று. டிராகுலா பிரபு செத்தும் சாகாத அணங்கு. வௌவாலாகவும் ஓநாயாகவும் உருமாறுகின்ற விலங்கு. நள்ளிரவிற் சாளரத்தின் வழியே புகுந்து உறங்குவாரின் குருதியைக் கவரும் கள்வன். தன் மலைநாட்டுக் குடிகள் பெயர் சொல்லவும் அஞ்சும் கோட்டைத் தலைவன். நான்கு நிலைக்களனும் ஒருவனிடத்தே திரண்டு நிற்கின்றன. ஸ்ரோக்கர் தொல்காப்பியத்தைக் கண்ணாலும் கண்டிரார். அச்சத்தின் ஊற்று எந்நாட்டிலும் ஒன்றாகையால் இது நேர்ந்தது. மகிடிக்கூத்தைக் கண்ட மட்டக்களப்பாருக்கு மந்திரமும் எதிர்மந்திரமும் மோதும் கதை புதியதுமன்று. மலையாள மந்திரவாதி வருவதும், கும்பம் காக்கப்படுவதும், அதைக் கவரப்போனவன் மந்திரக்கட்டில் அகப்பட்டு வீழ்வதும் ஊரே அரங்காக ஆடிப் பார்த்தவை. சிலுவையும் வெள்ளுள்ளியும் கொண்டு பேயை மறிக்கும் வான் ஹெல்சிங் எனும் முதியவரை இவ்வூரார் ஒரு கணத்தில் அடையாளங்கண்டுகொள்வர். இறந்த மாலுமி சுக்கானோடு கட்டுண்டு கிடக்க, புயலிடையே தானாகக் கரைசேரும் அக்கதையின் கப்பலை ஓர் அண்ணாவியாரிடம் கொடுத்துப் பார்க்கட்டும். மத்தளமும் சல்லாரியும் பிற்பாட்டும் அன்றி அவர் வேறெதையும் கேட்கமாட்டார்.

ஆகவே நாடகம் எங்கிருந்து வந்தது என்பதிற் சிக்கலில்லை. அந்நாடகத்தோடு வேறொரு நோய் ஒட்டிவருவதே சிக்கல்.

ஸ்ரோக்கர் திரான்சில்வேனியாவுக்கு ஒருநாளும் சென்றவரல்லர். பிறர் எழுதிய பயண நூல்களையும் நிலப்படங்களையும் நூலகத்தில் இருந்து படித்து, அந்நாட்டைப் பேய்க்காடாக எழுதிவைத்தார். இன்று உலகின் பெரும்பகுதி அந்நாட்டை அறிவது அப்பேயின் வாயிலாகவே. மட்டக்களப்பார் இதைப் படித்துச் சிரித்துவிட்டுப் போகமுடியுமா? அங்கே போனவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவர் எனும் பழங்கதை வெருகலுக்கு அப்பால் இன்னும் சாகவில்லை. வாவியிற் பாடுமீனின் ஓசை கேட்க நிலவிரவில் ஓடம் ஏறுவோரும், கரைக்கு வந்ததும் மந்திர தந்திரம் பற்றி மெல்லிய குரலில் விசாரிப்பதுண்டு. உழைத்து நெல் விளைவிக்கும் ஒரு நாட்டை, பார்க்காமலேயே சூனியக்காரரின் நாடாக்கிவைத்தது போதாதென்று, அந்நாட்டிலிருந்து வருபவனின் பேச்சையும் நகைப்புக்குரியதாக்கினர். ‘மறுகா’ என்று ஒருவன் சொன்னால் அவையிற் சிரிப்பு எழுகின்றது. நாடகத்தில் வேலைக்காரனுக்கும் பூசாரிக்கும் அப்பேச்சைக் கொடுத்துவிட்டு, கதாநாயகனுக்குப் புத்தகத்தமிழை உடுத்திவிடுகின்றனர்.

மேனாட்டு அரங்கிலும் இதுவே நடந்தது. ‘டிராகுலா’வை முதலில் நாடகமாக்கிப் புகழீட்டியவர் ஹமில்ரன் டீன். 1924இல் இங்கிலாந்தின் டேர்பி நகரில் அது அரங்கேறிற்று. 1927இல், ஜோன் பால்டர்ஸ்ரன் திருத்திய வடிவில் நியூயோர்க்குக்குச் சென்றபோது பிரபுவாக நடித்தவர் பெலா லுகோசி. அங்கேரி நாட்டிலிருந்து புலம்பெயர்ந்தவர். ஆங்கிலம் அவருக்குப் பிந்திக் கற்ற மொழி. அவர் ஒரு சொல்லை இழுத்துச் சொன்ன விதம் அந்நாட்டாரை மயக்கியது உண்மை. ஆனால், அயலான் ஒருவன் தட்டுத்தடுமாறிப் பேசிய ஆங்கிலமே அன்றிலிருந்து பேயின் குரலாயிற்று. இரத்தம் குடிப்பவன் என்றால் அங்கேரிக்காரனின் நாவோடு பேசவேண்டும் என ஆனபின், லுகோசிக்கு வேறு வேடங்கள் அரிதாகவே வாய்த்தன. பெருநடிகரான அவரை அவரது ஒரே வெற்றி வாழ்நாள் முழுவதும் சிறைவைத்தது. 1956இல் இறந்தபோதும் அப்பிரபுவின் மேலங்கியோடுதான் அடக்கஞ்செய்யப்பட்டார்.

முகத்தையும் பேச்சையும் கொண்டு ஆள் தெரிவோர் மாணவன் ஒருவனுக்குச் செய்வதும் இதுவே. பதினேழு வயதில் அரக்கன், பதினெட்டில் யமன், பத்தொன்பதிற் குடிகாரத் தகப்பன் என அடுத்தடுத்து வேடம் கொடுத்து, உனக்கு இவைதாம் பொருந்தும் எனக் கண்ணாடி பிடித்துக் காட்டிவிடுகின்றனர். அவன் இராமனுக்குப் பாடிக்காட்டவென்று எழுந்தால் அவை கொல்லென்று சிரிக்கும். அச்சிரிப்பைக் கேட்டபின் இருந்துவிட்டவர்கள் எத்தனைபேர்! அவர்களுட் சிலருக்காவது தாயிபிசகாத குரல் இருந்திருக்கும்.

இவ்வளவு சொன்னதும், ஆகா, பழைய களரிதான் எத்துணைச் சமத்துவமுடையது எனத் தலையசைக்க ஒரு கூட்டம் ஆயத்தமாக நிற்கும். அவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. களரி வட்டமானது, ஊர் வட்டமாயிருக்கவில்லை. பல ஊர்களிற் கூத்து ஒரு சாதிக்குள்ளேயே ஆடப்பட்டது. பறைமேளம் முழக்கியவர் விழாவுக்கு வேண்டப்பட்டனரேயன்றி அரசகொலுவுக்கு அழைக்கப்படவில்லை. உடுப்புச் செலவைத் தானே தாங்கவல்ல குடும்பத்தவனுக்கு முடிவேடம் கிட்டுவது எளிதாயிற்று. தகப்பன் ஆடிய தருமரை மகன் கேட்பதும், குரல் போதாதெனத் தெரிந்தும் அண்ணாவியார் ஊர்ப் பெரியவரின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டத்தை நீட்டுவதும் நிகழாதவையல்ல. அத்தகைய நாள்களிலும் ஊர் சுற்றி நின்றது, ஆனால், வாய்திறக்கவில்லை.

பெண்களுக்கோ சட்டமே எழுதப்படவில்லை. பாஞ்சாலியும் சுபத்திரையும் சீதையும் ஆண்களின் உடலிலேயே களரிக்கு வந்தனர். பெண்கள் புல்லுப்பாயில் இருந்து விடியவிடியப் பார்த்தனர். பாட்டுகளை மனனமாக அறிந்தும் இருந்தனர். பாடியதோ அடுக்களையிலும் வயலிலும். பல்கலைக்கழகத் தயாரிப்புகளிற் பெண்பாத்திரங்களைப் பெண்களே ஏற்றபோது கூத்துச் செத்துவிடும் என்றவர்கள் இருந்தனர். கூத்துச் சாகவில்லை. 2000களின் தொடக்கத்தில், மட்டக்களப்பு நகரை அடுத்த சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் ஊரவரும் சேர்ந்து கூத்து மீளுருவாக்கத்தில் இறங்கியபோது, கூத்து ஊரிலேயே, ஊரவர் கையிலேயே, பழைய ஏட்டில் உள்ள சாதி, பால் இழிவுகளைப் பேசித் திருத்திக்கொண்டு வாழமுடியும் என்பதே அவர்களின் வாதமாயிருந்தது. கூத்தை நகர மேடைக்குக் கொண்டுசென்றவர்களுக்கும் இவர்களுக்கும் இடையே கடும் கருத்துவேறுபாடு உண்டு. ஆனால், மரபு என்பதற்காக எதையும் தொடாமல் வைத்திருக்கவேண்டும் என இருசாராரும் சொல்லவில்லை. அப்படிச் சொல்வோர் பெரும்பாலும் விழாமேடைகளிற் பேசுவோரே. அவர்கள் ஓரிரவு முழுவதும் புல்லுப்பாயில் இருந்து கூத்துப் பார்த்தவர்களாயும் தெரியவில்லை.

வேறொரு மறுப்பு உண்டு, அது இலேசானதன்று. இத்தனை கண்ட மண்ணுக்குப் பயங்கர நாடகம் எதற்கு என்பது அம்மறுப்பு. 1990 ஓகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிற் தொழுகையில் இருந்தோர் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் 9ஆம் நாள் சத்துருக்கொண்டானிற் கைக்குழந்தைகளும் தப்பவில்லை. 2004 டிசெம்பர் 26இற் கல்லடியிலும் நாவலடியிலும் கடல் ஊருக்குள் வந்தது. பிள்ளையைத் தேடி இன்றும் படத்தோடு தெருவில் நிற்கும் தாயிடம் போய் அங்கேரிக்காரப் பேயைக் காட்டுவதா? இவ்வினாவை எழுப்புவோரை நோக்கிச் சிரிக்க எவருக்கும் உரிமையில்லை.

எனினும், விடை உண்டு. போர் இரவைப் பறித்தது. ஊரடங்கு நேரத்தில் மத்தளம் ஒலிக்கமுடியாது; விடியும்வரை ஓரிடத்தில் ஊர் கூடியிருக்கமுடியாது. இருட்டு வந்தால் கதவை அடைத்துக்கொண்டு தனித்தனியே அஞ்சவேண்டியிருந்தது. அந்த அச்சத்துக்குப் பாட்டில்லை, தாளமில்லை, முடிவுமில்லை. களரியில் எழும் அச்சம் வேறு. துச்சாதனன் குருதி பூசிக் கூந்தல் முடிக்கும் பாஞ்சாலியை ஊர் ஒன்றாயிருந்து பார்த்தது, அச்சப்பட்டது, கூத்து முடிந்து, விடிந்ததும் வீட்டுக்கு நடந்தது. இரவை ஊர் தன் கையில் மீண்டும் எடுத்துக்கொள்வதற்கு இதைவிட நேரான வழி ஏது? வேண்டாம் என்போர்க்கு வராமலிருக்கும் உரிமை உண்டு. பிறர் கூடுவதைத் தடுக்கும் உரிமை இல்லை.

போரின் நினைவு வேறிடத்தில்தான் உறுத்தவேண்டும். இளைஞரைப் பாடசாலை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, முகமூடியிட்ட ஒருவன் முன்னால் ஒவ்வொருவராக நடக்கவிட்ட காலத்தை வாவிக்கரை ஊர்கள் அறியும். அவனைத் தலையாட்டி என்றனர். அவன் முகத்தைப் பார்ப்பான்; தலையை அசைப்பான். அசைத்தது ஏன் என எவரும் கேட்கமுடியாது. அசைக்கப்பட்டவன் ஒரு சொல்லும் சொல்லமுடியாது. அந்த ஊர்களில், அந்தத் தகப்பன்மாரின் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, பாடவிடாமல், பேசவிடாமல், முகத்தைப் பார்த்துப் பேய் இவனென்று விரல் நீட்டுவோர், தாம் எதைப்போல நடந்துகொள்கின்றனர் என்பதை ஒருகணம் நின்று எண்ணிப்பார்க்கட்டும். விளையாட்டு வேறு, அது வேறு என்பர். ஆம், வேறுதான். ஆயினும் விரல் நீட்டப்படுகையில் உடல் கூசுவது ஒன்றுபோலவே இருக்கும்.

1823இல் மேரி ஷெல்லியின் ‘பிரங்கென்ஸ்ரைன்’ கதை இலண்டனில் முதன்முதல் நாடகமாயிற்று. ஆடுவோர் பெயர்ப்பட்டியலில், ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்ட அவ்வுயிர்க்குரிய இடத்தில் பெயரெதுவும் அச்சிடாமல் வெறுங்கோடு இட்டிருந்தனர். எதிரே நடிகரின் பெயர் மட்டும் இருந்தது. நாடகத்தைப் பார்க்கச் சென்ற ஷெல்லி அவ்வெறுங்கோட்டை மெச்சிக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரற்றதற்குப் பெயரிடாமல் விட்டமை அவருக்குப் பிடித்திருந்தது. ஆள் தெரியும் நாளன்று அண்ணாவியாரிடமோ நெறியாளரிடமோ இருக்கவேண்டிய தாளும் அத்தகையதே. அதில் எவர் முகமும் முன்கூட்டி எழுதப்பட்டிருத்தலாகாது.

வழி கடினமானதன்று. அறுவடை முடியட்டும். கோயில் வீதியிலோ பாடசாலை முன்றலிலோ, மண்டபக் கதவுக்கு வெளியே, வட்டமாக இருக்கட்டும். பெண்கள் வீடு திரும்பத்தக்க நேரத்தில் தொடங்கட்டும். அல்லது அவர்கள் வீடுவரை துணைபோக ஊர் பொறுப்பேற்கட்டும். உடுப்புச் செலவு பொதுப்பணத்திலிருந்து போகட்டும். ஒவ்வொருவரும் தாம் விரும்பும் வேடத்தின் பாட்டைத் தம் ஊர்ப்பேச்சின் ஓசையோடு பாடட்டும். கொடுத்தது ஏன், மறுத்தது ஏன் என்பதை அண்ணாவியார் அங்கேயே சொல்லட்டும். மத்தளம் இறுக்கப்பட்டு, பிரபுவின் வரவுக்குக் குரல்கொடுக்க யார் வருகின்றீர் எனக் கேட்டதும், பின்வரிசையில் மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒருத்தி எழுந்து வருவாளாயின், சிரிக்காமல் அவளையும் பாடவிட்டுப் பார்க்கட்டும்.